'நாளைக் காலை ஓ.பி.க்கு வாருங்கள்' என்று சொல்வதற்கு முன்

திருநெல்வேலிச் சீமையில் மருத்துவ நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், வட்டார மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

நான் கண் மருத்துவ உதவியாளராக 31 ஆண்டுகள் இந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்லன், கத்தி பிடித்ததில்லை. கண்ணாடிக்குப் பவர் பார்த்தது, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் பார்வையைச் சோதித்தது, கண்புரை முகாமுக்கு ஊர் ஊராக ஆள் சேர்த்து வேனில் ஏற்றி அனுப்பியது, இவையே என் பணிகள். ஆயினும் குத்துப்பட்டுக் கிழிந்த ஒரு கண்ணை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் கண் அறுவை மருத்துவராக இருப்பதில்லை; என்னைப் போன்ற ஒருவரோ, உங்களைப் போல நள்ளிரவில் தனியாக நிற்கும் ஒரு பொது மருத்துவரோதான். அந்தக் கண்ணின் கதியில் ஒரு பங்கு அந்த முதல் அரை மணி நேரத்திலேயே முடிவாகிவிடுவதைப் பலமுறை பார்த்துவிட்டதால் இந்த மடலை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது இதுதான். விழிச்சுவர் கிழிந்து உள்வரை காயம்பட்ட கண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு அறுவைகள் தேவைப்படுகின்றன. கிழிசலைத் தைத்துக் கண்ணை மூடும் முதல் அறுவை, ஒரு நாள் பொழுதுக்குள் நடந்தாக வேண்டும். கண்ணுக்குள் இரத்தமும் அங்கே இயல்பாக நிறைந்திருக்கும் கூழும் கலந்து கிடப்பதை அகற்றி விழித்திரையைச் சீர்செய்யும் இரண்டாம் அறுவைக்கு நாள் பார்க்க வேண்டும். அது சில நாள் பொறுக்கலாம், பல கண்களில் பொறுத்தால்தான் நல்லது, ஆனால் வாரக்கணக்கில் தள்ளிப்போனால் செய்து பயனில்லை. நம் பக்கத்தில் முதலாவதை நாளைக்குத் தள்ளுகிறோம். இரண்டாவதை மறந்தே போகிறோம்.

நம் ஊர்களில் கண்ணைக் கிழிப்பவை எவை என்று நினைத்துப் பாருங்கள். இராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உடைமுள்ளும் பனையின் கருக்குமட்டையும், ஆற்றுப் பாசன ஊர்களில் வாழைக்கு முட்டுக் கொடுக்கும் கம்பும் மாட்டின் கொம்பும், கல் உடைக்கிற இடங்களில் உளித் தலையிலிருந்து தெறிக்கும் இரும்புச் சில்லு, பீடி சுற்றும் வீடுகளில் இலை நறுக்கும் கத்தரி, பள்ளிக்கூடத்துக் காம்பஸ், தீபாவளிக்குத் தீபாவளி பட்டாசு. இவற்றுள் பலவும் மண்ணோடும் சாணத்தோடும் புழங்குபவை. அறுத்த இடத்தைக் காட்டிலும், அவை உள்ளே விட்டுச் செல்லும் அழுக்கு ஆபத்தானது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஊரையும் மருத்துவமனையையும் எழுதப் போவதில்லை. எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. அவனுக்கு அப்போது பத்து வயது. ஒரு சனிக்கிழமை மாலை ஐந்தரை மணியளவில், அண்ணன் விளையாட்டாக எய்த ஈர்க்குச்சி அம்பு வலக்கண்ணில் பாய்ந்தது. வீட்டார் ஈர்க்கைப் பிடுங்கிப் போட்டார்கள். அடுத்த வீட்டுப் பாட்டி நந்தியாவட்டைச் சாறு பிழிந்துவிட்டு, "குச்சியத்தான் எடுத்தாச்சுல்லா, விடியட்டும், பாத்துக்கிடலாம்" என்றாள். தாய்க்கு மனம் கேட்கவில்லை. எட்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினாள். அங்கே களிம்பு தடவிப் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டி, மறுநாள் ஞாயிறு என்பதால் திங்கட்கிழமை ஓ.பி.க்கு வரச் சொன்னார்கள். திங்கள் காலை ஓ.பி.யில் பார்த்தவர் பதறிப்போய் வேறோர் இடத்துக்கு அனுப்பினார். அங்கே காவல் நிலையத் தகவல் சீட்டு எங்கே என்று கேட்டு இரண்டு மணி நேரம் போனது. எல்லாம் கூடி வந்தபோது, பசியில் அழுத பிள்ளைக்குத் தாய் மூன்று மணிக்கு இரண்டு இட்லி கொடுத்திருந்தாள் என்பது தெரிந்து, மயக்க மருந்து கொடுக்க ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இரவு ஒன்பதரைக்குத் தையல் போடத் தொடங்கினார்கள்.

கணக்குப் போட்டால் 52 மணி நேரம். அவர்கள் ஊரிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஒரே பேருந்து. ஒன்றரை மணி நேரப் பயணம். ஆக, தொலைவு குறுக்கே நிற்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் சிறிது சிறிதாக நேரம் சிந்திப்போயிற்று. தையல் போடும்போதே கருவிழிக்குப் பின்னால் வெள்ளைப் படிவாகச் சீழ் தங்கியிருந்தது. அந்தப் பையனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அந்தக் கண் சுருங்கிக் குழிக்குள் போய்விட்டது.

ஏன் ஒரு நாளுக்குள் மூட வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இரவுப் பணியின் அலுப்பில் இது நினைவுக்கு வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கண்ணின் நடுவில் நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்னும் தெளிந்த கூழில் இரத்தக் குழாய்கள் இல்லை. உடம்பின் மற்ற இடங்களில் கிருமி நுழைந்தால் ஓடிவரும் காவல் அங்கே எளிதில் வந்து சேராது. ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டைப் போல அது ஆகிவிடுகிறது. மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உள்ளே போய்விட்டால் ஓரிரு நாளில் கண் முழுவதையும் அழித்துவிடும். முள், ஈர்க்கு, மரச்சிராய் போன்றவற்றோடு போகும் பூஞ்சையோ, எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, சில வாரங்கள் கழித்துத் தலைகாட்டும். இதோடு, திறந்திருக்கும் கண்ணில் பிள்ளை அழும்போதும் வாந்தி எடுக்கும்போதும் இமைகள் அழுத்த, உள்ளே இருப்பது கிழிசல் வழியே பிதுங்கி வெளியே வருகிறது.

உலகெங்கும் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 24 மணி நேரத்துக்குள் மூடப்பட்ட கண்களில் இந்த உட்சீழ்த் தொற்று கணிசமாகக் குறைவு என்பது தெளிவாகியிருக்கிறது. நேர்மையாக இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீக்கிரம் மூடினால் பார்வை தவறாமல் திரும்பிவிடும் என்று எந்த மருத்துவரும் உறுதி கூற மாட்டார். அடிபட்ட கணத்தில் நேர்ந்த சேதமே பார்வையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வந்த அன்று எவ்வளவு பார்வை இருந்தது என்பதே பின்னால் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு ஆகச் சிறந்த குறி. அடிபட்ட கணத்தை நாம் திருப்ப முடியாது. அதற்குப் பிறகு வரும் சீழைத் தடுப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது, அதற்கான கெடு அந்த 24 மணி நேரம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, பனை ஏறும் ஒருவர் கருக்குச் சிராய் கண்ணில் குத்தி நிற்க, என்னிடம் வந்தார். துடிப்பான வயது. நுனி வெளியே தெரிந்ததால் இடுக்கியால் பிடித்து இழுத்துவிட்டேன். அடுத்த நொடி கண்ணிலிருந்து தெளிநீர் வழிந்தது. பின்னாலேயே கருப்பாக ஏதோ பிதுங்கியது. அந்தச் சிராய்தான் அதுவரை துவாரத்தை அடைத்துக்கொண்டு நின்றது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குத்தி நிற்பதை அறுவை அரங்கத்துக்கு வெளியே யாரும் தொடக் கூடாது என்பதை அந்த மனிதரின் கண்ணைக் கொடுத்து நான் கற்றேன்.

ஆகவே, கண்பாவை கண்ணீர்த்துளி போல ஒருபுறம் இழுபட்டிருந்தாலோ, வெள்விழி முழுக்க இரத்தம் கட்டியிருந்தாலோ, கருவிழிக்கு உள்ளே இரத்தம் தேங்கியிருந்தாலோ, இமையை வலிந்து திறக்க வேண்டாம். கண் மெத்தென்று இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். களிம்பு, சொட்டு மருந்து, பஞ்சு எதுவும் தேவையில்லை. அழுத்தம் படாத ஒரு கடினமான மூடி போதும். அது இல்லையென்றால் தேநீர்க் கடையின் காகிதக் கோப்பையை அடிப்பக்கமாகப் பாதி வெட்டி, எலும்பின் மீது விளிம்பு நிற்கும்படி பிளாஸ்திரி போட்டு ஒட்டுங்கள். டெட்டனஸ் ஊசி, நுண்ணுயிர்க் கொல்லியின் முதல் தவணை, வாந்தியை அடக்கும் மருந்து, வலி மருந்து, வாய் வழியே எதுவும் கொடுக்காதிருத்தல்: இவ்வளவையும் செய்துவிட்டு அன்றிரவே அனுப்புங்கள். அனுப்பும் முன் அந்தக் கண்ணுக்கு விரல் தெரிகிறதா, கை அசைவு தெரிகிறதா, டார்ச் வெளிச்சமாவது தெரிகிறதா என்று கேட்டுக் குறித்துவிடுங்கள். அந்த ஒற்றை வரி பின்னால் பார்க்கும் மருத்துவருக்குப் பொன் போன்றது. (சுண்ணாம்போ அமிலமோ பட்ட கண்ணுக்கு இந்த விதி பொருந்தாது. அந்தக் கண்ணை எதையும் யோசிக்காமல் அந்த இடத்திலேயே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.)

காவல் நிலையத் தகவல் பற்றி ஒரு வார்த்தை. விபத்தோ அடிதடியோ, அவசரச் சிகிச்சை எந்தச் சட்ட நடைமுறைக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டிலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்புக் கூறிவிட்டது. தகவலைச் சிகிச்சையோடு சேர்த்தே அனுப்பலாம். சீட்டு வரும் வரை பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் பயம் இருக்கிறது. இரவுப் பணி மருத்துவருக்கு அந்தப் பயம் வராதபடி, நிர்வாகத்தில் இருப்பவர்கள் எழுத்தில் ஓர் ஆணை கொடுத்தால் நல்லது.

இனி இரண்டாம் அறுவைக்கு வருகிறேன். இதைப் பற்றி எங்கள் மக்களுக்கு மட்டுமல்ல, தையல் போட்டு அனுப்பும் பல இடங்களுக்கும் தெளிவில்லை.

1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் மாக்கமர் என்பவர் மூடிய கண்ணுக்குள் சிறு துவாரம் வழியே கருவி செலுத்தி விட்ரியஸ் கூழை வெட்டி உறிஞ்சும் விட்ரெக்டமி முறையை உருவாக்கினார். அதற்குப் பின், ஊடுருவிய காயத்தில் விழித்திரை ஏன் பல வாரங்கள் கழித்துப் பிரிகிறது என்ற கேள்வியைக் கிளியரி, ரயன் ஆகிய இருவரும் 1970-களின் இறுதியில் விலங்குகளில் ஆராய்ந்தார்கள். காயத்தோடு கூழில் இரத்தமும் கலந்திருந்தால், காயத்தின் வழியே நார்த் திசு உள்ளே வளர்ந்து, கூழைப் பிடித்துக்கொண்டு, விழித்திரையைச் சுருட்டி இழுத்துவிடுகிறது என்பது அவர்களின் ஆய்வால் துலங்கியது. அந்த இரத்தக் கூழை உரிய காலத்தில் அகற்றிவிட்டால் இழுப்பதற்குக் கயிறே இல்லாமல் போகிறது. தைத்து மூடிய கண் வெளியே அழகாக ஆறிவரும்போதே உள்ளே இந்தக் கயிறு திரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் என்பதுதான் நோயாளிக்குப் புரிய வேண்டிய செய்தி.

அப்படியானால் முதல் இரவிலேயே இரண்டையும் முடித்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். புதிதாக அடிபட்ட கண் உள்ளே இரத்தம் கோத்துச் சிவந்து கொதிக்கும். தொட்டால் மீண்டும் கசியும். கருவிழி கலங்கியிருப்பதால் உள்ளே பார்க்க முடியாது. விழித்திரைக்கு வெளியே உள்ள கோராய்டு அடுக்கில் இரத்தம் கட்டியிருந்தால் அது முதலில் உறைகட்டியாக இருக்கும். 7 முதல் 14 நாளில் நீர்த்துப்போன பிறகே வடிக்க முடியும். கூழின் பின்பரப்பு விழித்திரையிலிருந்து தானாகவே விலகவும் அந்த நாட்கள் உதவும். இக்காரணங்களால் பல அறுவை மருத்துவர்கள் முதல் தையலுக்குப் பின் ஒரு வாரம், பத்து நாள் விட்டு, இரண்டு வாரத்துக்குள் உள்ளறுவையைச் செய்கிறார்கள். மூன்று நான்கு நாளிலேயே செய்வது நல்லது என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை, அதில் தலையிட எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொள்வது ஒன்று உண்டு. நார் திரண்டு சுருங்கிய பின் போவது வீண்.

கல் கொத்தும் ஒருவரின் கதை இதற்குச் சாட்சி. உளிச்சில்லு வெள்விழியைக் கிழித்த அன்று இரவே அவருக்குத் தையல் போட்டார்கள். எட்டு மணி நேரம்கூட ஆகவில்லை, பாராட்டத்தக்க வேலை. சில்லு உள்ளே தங்கவில்லை என்பதையும் ஸ்கேனில் பார்த்துவிட்டார்கள். கையில் கொடுத்த சீட்டில் 'மறுபரிசோதனைக்கு வரவும்' என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார்? "தையல் போட்டாச்சு, கண்ணு வலிக்கல, சிவப்பும் கொறஞ்சிட்டு. நெல்லையப்பர் தேர் முடியட்டும்னு இருந்தேன்." ஆனித் தேரோட்டமும் முடிந்து, அதற்குப் பின் ஒரு வேலையும் முடிந்து, ஏழாவது வாரம் அவர் வந்தபோது விழித்திரை குடைபோல் மடங்கிக் கிடந்தது. அவரை அலட்சியக்காரர் என்று என்னால் சொல்ல முடியாது. பன்னிரண்டாம் நாள் இன்னோர் அறுவை இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்றாடக் கூலிக்காரருக்கு 'வரவும்' என்ற சொல்லுக்குத் தேதி கிடையாது.

சில கண்கள் அந்த இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாதவை. உள்ளே சீழ் தொடங்கிவிட்டது, விழித்திரை பிரிந்திருப்பது ஸ்கேனில் தெரிகிறது, இரும்போ செம்போ உள்ளே தங்கியிருக்கிறது என்றால் விழித்திரை மருத்துவர் சீக்கிரமே இறங்க வேண்டியிருக்கும். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களின் கண்ணைச் சீக்கிரம் மூடி மருந்து கொடுத்துவிட்டு, உள்ளிருந்த சில்லுகளைப் பாதிக் கண்களில் மூன்று வாரமோ அதற்கு மேலோ கழித்தே எடுத்தார்கள். 79 கண்களில் ஒன்றில்கூட உட்சீழ் வரவில்லை. இதைச் சொல்லிக் 'காத்திருக்கலாம்' என்பவர்களைக் கேட்டிருக்கிறேன். வெடித்துச் சூடாகத் தெறித்த சில்லு வேறு. மண்வெட்டியிலிருந்து தெறித்த சில்லு வேறு. அந்த வீரர்களுக்கும் முதல் தையலும் மருந்தும் தாமதிக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சுத்தியல் அடிக்கும்போது 'ஏதோ பொறி பட்டது போல இருந்தது' என்று ஒருவர் வந்தால், பார்வை முழுதாக இருந்தாலும் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுக்காமல் விட வேண்டாம், எம்.ஆர்.ஐ. மட்டும் கூடாது, காந்தம் இரும்பை இழுத்து உள்ளேயே கிழிக்கும். மயிர்த் துளை வழியே புகுந்த இரும்பு உள்ளே துருவேறி, மாதங்கள் கழித்துக் கண்ணின் நிறத்தையே மாற்றிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் வந்தது கண்ணாடிக்குப் பவர் பார்க்க.

வெளிச்சமே தெரியவில்லை என்பதற்காக முதல் நாளே கண்ணை எடுத்துவிடலாம் என்று சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இரத்தமும் கலக்கமும் சேர்ந்து அன்று வெளிச்சத்தை மறைத்திருக்கலாம். முதல் நாள் ஒளியே தெரியாத சில கண்களில் பின்னர் ஓரளவு பார்வை திரும்பியிருக்கிறது. பழைய அச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கண்ணின் காயம், மற்ற நல்ல கண்ணிலும் அழற்சியைக் கிளப்பிவிடும் நோய் ஒன்று இருக்கிறது. லூயி பிரெய்ல் 1812-இல் மூன்று வயதுக் குழந்தையாகத் தந்தையின் தோல் பட்டறையில் குத்தூசியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார். ஐந்து வயதாவதற்குள் இரண்டு கண்ணும் போயிற்று. அவர் கண்ட புள்ளிகளைத்தான் நம் பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளியில் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக விரலால் தடவிப் படிக்கிறார்கள். ஆனால் அந்த நோய் அரிது, நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருவது. இன்று அதற்கு மருந்தும் உண்டு. முதலில் தைத்து மூடுங்கள். கண்ணை எடுப்பதா என்பதைச் சில நாள் பார்த்து, குடும்பத்தோடு பேசி முடிவு செய்யலாம். ஆனால் நல்ல கண் சிவந்தாலோ மங்கினாலோ அன்றே வர வேண்டும் என்பதை அவர்களிடம் சொல்லாமல் அனுப்பாதீர்கள். பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் வருவது அது.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய கட்டடமோ புதிய கருவியோ அல்ல. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு இலவசமாக்கியது 2021-இல். கல் குவாரியிலும் பனையடியிலும் கண் கிழிந்தவருக்கும் அந்த அளவு அவசரம் உண்டு என்று ஏற்றுக்கொள்ளுங்கள். காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறது என்பதற்காகத் தையல் நிற்கக் கூடாது. எந்த இரவில் எந்த மருத்துவமனையில் கண் அறுவை மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் சேர்ந்து இருக்கிறார்கள் என்ற பட்டியல் வட்டார மருத்துவமனைச் சுவரில் ஒட்டப்பட்டு, வாரந்தோறும் மாற்றப்பட வேண்டும். இன்று அதை அறிய நான்கு பேருக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கிறது. 108 வண்டியில் ஏற்றும்போதே அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அரங்கம் தயாராக இருக்கும்.

கடைசியாக, ஒரு சீட்டு. ஒரு பக்கம், அனுப்பும் மருத்துவமனை நிரப்ப வேண்டியது: அடிபட்ட மணி, எதனால் அடிபட்டது, கடைசியாகச் சாப்பிட்ட மணி, வந்தபோது பார்வை, கொடுத்த ஊசி, வண்டி புறப்பட்ட மணி. மறுபக்கம், தைத்த மருத்துவமனை நிரப்ப வேண்டியது. அதில் கொட்டை எழுத்தில் 'தையல் முடிந்தது, சிகிச்சை முடியவில்லை' என்ற வரியும், இரண்டாம் அறுவைக்காக விழித்திரை மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதியும் கிழமையும், போக வேண்டிய இடமும் இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக, அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போய் ஒரு முறை நினைவூட்டினால் போதும். தடுப்பூசிக்குப் பிள்ளைகளைத் தேடிப்போகும் அவர்களுக்கு இது புதிய வேலையாக இராது. மாதிரிச் சீட்டு ஒன்றை ஒரே தாளில் அடங்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொன்னாலும் வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர் ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டம்.